இலவச நோயாளியின் கேள்வி: அரசு மருத்துவமனைத் தவறுகளும் சொல்லும் கடமையும்

1. சாத்தூர், 2018

2018 டிசம்பர் தொடக்கத்தில் விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரசு மருத்துவமனையில் கர்ப்பிணி ஒருவருக்கு இரத்தம் ஏற்றப்பட்டது. அவருக்கு இரத்தசோகை. பிரசவத்துக்கு முன் அதைச் சரிசெய்ய இரத்தம் ஏற்றுவது வழக்கமான சிகிச்சைதான். இரத்தம் சிவகாசி அரசு மருத்துவமனையின் இரத்த வங்கியிலிருந்து வந்தது. கொடுத்தவர் 19 வயது இளைஞர். உறவினர் ஒருவருக்காக அவர் கொடுத்தது, அங்கே தேவைப்படாமல் வங்கியில் தங்கி, பின்னர் சாத்தூருக்குப் போனது. அதன்பின் வெளிநாட்டு வேலைக்கான உடற்பரிசோதனையில் தனக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதை அந்த இளைஞர் அறிந்தார். அறிந்தவுடன் தானே முன்வந்து மருத்துவமனைக்குச் சொன்னார். அதற்குள் இரத்தம் அந்தப் பெண்ணின் உடலில் ஏறிவிட்டிருந்தது.

நாளேடுகள் பரிசோதனைக்கூட ஊழியர்களின் அலட்சியத்தைப் பேசின. ஊழியர்கள் மீது நடவடிக்கையும் பாய்ந்தது. பிறந்த குழந்தைக்குத் தொற்று இல்லை என்பது பின்னர் தெரிந்தது. சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2019-இல் அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அந்த இளைஞர் டிசம்பர் முடிவதற்குள் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

இவ்வளவும் பலருக்கு நினைவிருக்கும். அப்போதே வெளிவந்து, பிறகு பெரிதாகப் பேசப்படாமல் போன செய்தி ஒன்றும் உண்டு. இரண்டாண்டுகளுக்கு முன், 2016-இல், ஒரு முகாமில் அதே இளைஞர் இரத்தம் கொடுத்திருந்தார். தொற்று அப்போதே கண்டறியப்பட்டிருந்தது. அந்தத் தகவல் அவரிடம் போய்ச் சேரவில்லை. போயிருந்தால் அவர் சிகிச்சையைத் தொடங்கியிருப்பார். மறுபடி இரத்தம் கொடுத்திருக்கவும் மாட்டார்.

ஆக, 2018-இல் பரிசோதனைக்கூடத்தில் நேர்ந்த பிழைக்கு முன்னால் வேறொரு பிழை நிற்கிறது. அமைப்புக்குத் தெரிந்த ஒன்றை, அது யாருடைய உடலைப் பற்றியதோ அவருக்குச் சொல்லாத பிழை அது. இரண்டாவது தவறு வெளியே வந்ததும் எந்தக் கண்காணிப்பு ஏற்பாட்டாலும் அன்று; யாரும் கேட்காமலே அந்த இளைஞர் வாய் திறந்ததால்தான்.

அரசு மருத்துவமனையில் தவறு நேரும்போது அதை நோயாளிக்கோ குடும்பத்துக்கோ சொல்லும் கடமை யாருக்கு இருக்கிறது, அது ஏன் இதுவரை சட்டமாகவோ பழக்கமாகவோ வேர்விடவில்லை என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. பாதுகாப்பு, தரம், நோயாளி உரிமை என்ற மூன்றும் நம் பொது மருத்துவத்தில் ஒன்றையொன்று தொடாமல் வளர்ந்தன என்பதும், மூன்றும் சந்திக்க வேண்டிய இடத்தில் இலவச நோயாளி தனியே நிற்கிறார் என்பதும் என் வாதம்.

2. தொடாமல் ஓடும் மூன்று பாதைகள்

முதலில் தரம். லான்செட் இதழ் 2018-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றின்படி, இந்தியாவில் சிகிச்சையால் தவிர்க்கக்கூடிய நோய்களால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 24 இலட்சம் பேர் இறக்கின்றனர். அவர்களுள் சுமார் 16 இலட்சம் பேர் மருத்துவமனைக்குச் சென்றும் தரமான சிகிச்சை கிடைக்காமல் இறந்தவர்கள். மருத்துவமனையையே எட்டாமல் இறந்தவர்களின் எண்ணிக்கை அந்த 16 இலட்சத்தில் ஏறத்தாழ பாதி அளவே. இது மதிப்பீட்டு மாதிரிகளின் மேல் கட்டப்பட்ட கணக்கு என்பதால் கடைசி இலக்கம்வரை நம்ப வேண்டியதில்லை. ஆனால் கட்டடமும் கட்டிலும் பெருகினால் போதும் என்ற பழைய நம்பிக்கையை அது அசைத்துவிட்டது.

நடுவண் அரசு 2013-இல் தேசியத் தர உறுதித் தரநிலைகளைக் கொண்டுவந்தது. 2015-இல் தூய்மைக்கான காயகல்ப் விருது, 2017-இல் பிரசவ அறைகளுக்கான லக்‌ஷயா திட்டம் என்று அந்த வரிசை நீண்டது. தேசியத் தரநிலைகள் மருத்துவமனையை 8 பெரும் பிரிவுகளில் அளக்கின்றன. அவற்றுள் ஒன்று நோயாளி உரிமை. மாவட்ட மருத்துவமனை சான்றிதழ் பெற 70 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். ஆய்வுக் குழு வருவதற்கு முந்தைய வாரத்தில் எந்த மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போனாலும் பதிவேடுகள் எழுதி முடிக்கப்படுவதையும், நோயாளி உரிமைச் சாசனப் பலகை புதிதாக வர்ணம் பெறுவதையும் பார்க்கலாம். அதை முழுக்க நாடகம் என்று ஒதுக்க மாட்டேன். கைகழுவும் தொட்டிகள் வேலை செய்யத் தொடங்கியதும், பிரசவ அறையில் திரை வந்ததும் இந்த மதிப்பெண் போட்டியால்தான். ஆனால் உரிமை என்பது அங்கே ஆய்வாளர் குறிக்கும் ஒரு கட்டம். நோயாளி கையில் எடுக்கக்கூடிய ஒன்றாக அது இன்னும் மாறவில்லை.

அடுத்தது பாதுகாப்பு. 2010-இல் மருந்துப் பக்கவிளைவுக் கண்காணிப்பு, 2012-இல் இரத்தக் கண்காணிப்பு, 2015-இல் மருத்துவக் கருவிகள் கண்காணிப்பு எனத் தேசியத் திட்டங்கள் வந்தன. மூன்றுமே தகவலை மேல்நோக்கி அனுப்பும் ஏற்பாடுகள். வார்டிலிருந்து கல்லூரிக்கும் அங்கிருந்து தேசிய மையத்துக்கும் படிவம் போகும். கட்டிலில் படுத்திருப்பவர் அந்தப் பாதையில் இல்லை.

மூன்றாவது உரிமை. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-இல் 17 உரிமைகள் கொண்ட நோயாளி உரிமைச் சாசனத்தை வகுத்தது. சுகாதார அமைச்சகம் அடுத்த ஆண்டே அதை ஒட்டி மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. தகவல், ஆவணங்களின் நகல், அவசர சிகிச்சை, ஒப்புதல், அந்தரங்கம், இரண்டாவது கருத்து, கட்டண வெளிப்படைத்தன்மை, குறைகேட்பு என விரியும் அந்தப் பட்டியலில், சிகிச்சையில் நேர்ந்த தவறை அறியும் உரிமை தனித் தலைப்பாக இல்லை. தகவல் உரிமைக்குள் அதுவும் அடங்கும் என்று வாதிடலாம். வாதிட வேண்டியிருப்பதே குறை.

3. காசு கொடுத்தவரே நுகர்வோர்

இந்தியாவில் நோயாளி உரிமை பற்றிய பேச்சு பெரும்பாலும் 1995 நவம்பர் 13-இல் தொடங்குவதாகச் சொல்வார்கள். இந்திய மருத்துவச் சங்கம் எதிர் வி.பி. சாந்தா வழக்கில், மருத்துவ சேவையும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் அன்று தீர்ப்பளித்தது. தனியார் மருத்துவமனைகளைக் கேள்வி கேட்க முடியும் என்ற துணிவை நடுத்தர வர்க்கத்துக்குக் கொடுத்த தீர்ப்பு அது. அதன் மறுபக்கத்தை நம் பத்திரிகைகள் குறைவாகவே எழுதியுள்ளன. எல்லாருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் மருத்துவமனை, அது அரசினுடையதாக இருந்தாலும் அறக்கட்டளையினுடையதாக இருந்தாலும், சட்டத்தின் பொருளில் சேவை தருவதாகாது. பதிவுக்காக வாங்கும் சில்லறைக் கட்டணமும் கணக்கில் வராது. சிலரிடம் கட்டணம் வாங்கிக்கொண்டு சிலருக்கு இலவசமாகச் செய்யும் இடத்தில் மட்டும் இலவச நோயாளிக்கும் நுகர்வோர் தகுதி உண்டு.

விளைவு இதுதான்: ஓ.பி. சீட்டோடு பெரியாஸ்பத்திரி வரிசையில் நிற்பவர் நுகர்வோர் மன்றத்தின் வாசலுக்கு வெளியே நிற்கிறார். அவர் வரி கட்டுகிறாரே, அது கட்டணம் ஆகாதா என்ற வாதத்தையும் அந்த வழக்கில் நீதிமன்றம் ஏற்கவில்லை. 2019-இல் புதிய நுகர்வோர் சட்டம் வந்தபோது, மசோதாவில் இருந்த 'மருத்துவம்' என்ற சொல் நீக்கப்பட்டதால் மருத்துவர்கள் முழுமையாகத் தப்பிவிட்டார்களா என்ற சர்ச்சை எழுந்து, இல்லை என்று 2022-இல் முடிந்தது. அந்தச் சர்ச்சையிலும் இலவச நோயாளியைப் பற்றிப் பேச்சு எழவில்லை.

அவருக்குரிய வழி அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவு. மேற்கு வங்கத்தில் 1992-இல் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட விவசாயத் தொழிலாளி ஒருவரைக் கட்டில் இல்லை, கருவி இல்லை என்று அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. கடைசியில் தனியார் மருத்துவமனையில் சுமார் 17,000 ரூபாய் செலவழித்து அவர் பிழைத்தார். உயிர்வாழும் உரிமையில் அவசர சிகிச்சையும் அடங்கும், பணமில்லை என்று அரசு கைவிரிக்க முடியாது என்று 1996-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 25,000 ரூபாய் இழப்பீடும் வழங்கியது. மகத்தான தீர்ப்பு, ஐயமில்லை. ஆனால் அந்த வாசல் உயர் நீதிமன்றத்திலும் உச்ச நீதிமன்றத்திலும்தான் இருக்கிறது. அவருக்குப் பின்னால் ஒரு தொழிலாளர் அமைப்பு நின்றது. சாத்தூர்ப் பெண்ணுக்குப் பின்னால் ஊடக வெளிச்சம் நின்றது. இரண்டும் இல்லாதவர் கேஸ் ஷீட் நகல் கேட்டு நிற்கும் இடத்திலேயே களைத்துப் போகிறார். கேட்ட 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை ஒழுங்குவிதி. 'எழுதிக் கொடுத்துட்டுப் போங்க, பார்க்கலாம்' என்பது வழக்கமான பதில்.

4. தாய்மார் மரணத் தணிக்கை: மூடிய அறையின் வெற்றியும் எல்லையும்

தவறிலிருந்து கற்பதில் இந்தியப் பொது மருத்துவத்தில் நாம் காட்டக்கூடிய உருப்படியான முன்மாதிரி தமிழ்நாட்டின் தாய்மார் மரணத் தணிக்கை. 1990-களின் நடுவிலிருந்து இங்கே அது நடந்துவருகிறது. தேசிய அளவிலான வழிகாட்டுதல் 2010-இல்தான் வந்தது, 2017-இல் திருத்தப்பட்டது.

தணிக்கை நடக்கும் முறையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். கர்ப்பிணியோ, பிரசவித்த 42 நாளுக்குள் ஒரு தாயோ இறந்தால் 24 மணி நேரத்துக்குள் தகவல் மேலே போக வேண்டும். மருத்துவமனைக்குள் ஒரு குழு கேஸ் ஷீட்டை வைத்து ஆய்வு செய்யும். இன்னொரு குழு இறந்தவரின் வீட்டுக்குப் போய்க் கணவர், மாமியார், உடன்பிறந்தோர், கிராம சுகாதாரச் செவிலியர் எனப் பலரிடம் கேட்கும். வலி எத்தனை மணிக்குக் கண்டது, வண்டி எப்போது வந்தது, முதல் மருத்துவமனையில் எவ்வளவு நேரம் வைத்திருந்தார்கள், ரெஃபர் செய்தபோது கூட யார் வந்தார்கள், இரத்தத்துக்கு யாரை அலைய விட்டார்கள் என்றெல்லாம் கேட்டு எழுதுவார்கள். பிறகு மாவட்ட ஆட்சியர் தலைமையில் கூட்டம். இறந்தவரின் உறவினர்களும் அதற்கு அழைக்கப்படுகிறார்கள். அவர்கள் நடந்ததைச் சொல்கிறார்கள். சொல்லி முடித்ததும் அனுப்பிவைக்கப்படுகிறார்கள். அதன்பின் மருத்துவர்களோடும் அதிகாரிகளோடும் விவாதம் நடக்கிறது. பெயர் சுட்டாமை, பழி சுமத்தாமை ஆகியவை இந்த ஏற்பாட்டின் அடிப்படை விதிகள். கற்பதுதான் நோக்கம், தண்டிப்பதன்று.

இதன் பயன் என்ன? மாதிரிப் பதிவுத் திட்டக் கணக்குப்படி, ஒரு இலட்சம் உயிர்ப் பிறப்புக்குத் தமிழ்நாட்டின் தாய்மார் மரண விகிதம் 2001-03-இல் 134, 2018-20-இல் 54. இதே காலத்தில் நாட்டின் சராசரி 301-இலிருந்து 97-ஆகக் குறைந்தது. இந்த இறக்கம் முழுவதையும் தணிக்கையின் கணக்கில் வரவு வைப்பது மிகை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று செவிலியர்களை வைத்து 24 மணி நேரப் பிரசவ வசதி, அவசரப் பிரசவத்துக்கான சீமாங் மையங்கள், 2008-இல் வந்த 108 ஊர்தி, மருந்துத் தட்டுப்பாட்டைத் தீர்த்த மருத்துவப் பணிகள் கழகம், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி நிதியுதவி எல்லாம் ஒருங்கே வந்தன. தனித்தனியே பங்கு பிரிக்க முடியாது. இருந்தாலும் இவற்றை எங்கே வைப்பது, எந்த மருத்துவமனையில் இரவில் மயக்க மருந்து நிபுணர் இல்லை, எந்த வட்டாரத்தில் இரத்த இருப்பகம் தேவை என்பதையெல்லாம் துறைக்குக் காட்டிக்கொடுத்தவை இந்த மரண விவரங்கள்தான். அந்த வகையில் தணிக்கையின் பங்கு பெரிது.

கேரளம் வேறு வழியில் போனது. அங்கே 2004 முதல் மகப்பேறு மருத்துவர்களின் கூட்டமைப்பு இங்கிலாந்தில் 1952-இல் தொடங்கிய இரகசிய விசாரணை முறையைப் பின்பற்றி, பெயரும் ஊரும் நீக்கிய கேஸ் ஷீட்டுகளைத் தன் நிபுணர்களைக் கொண்டு ஆராய்கிறது. யார், எந்த மருத்துவமனை என்பது ஆராய்பவருக்கே தெரியாது. தமிழ்நாட்டிலோ ஆட்சியர் முன் மருத்துவர் உட்கார்ந்திருக்கிறார். கேரள முறையில் மருத்துவர் அச்சமின்றிப் பேசுவார், ஆனால் குடும்பத்தின் குரலுக்கு இடமில்லை. தமிழ்நாட்டு முறையில் குடும்பத்தின் குரல் அறைக்குள் வருகிறது, மருத்துவரின் அச்சமும் கூடவே வருகிறது. இந்தத் தணிக்கைகள் விசாரணையாகிவிட்டன என்று அரசு மருத்துவர் சங்கங்கள் பலமுறை முறையிட்டிருக்கின்றன. மறுபக்கம், 10 மாநிலங்களில் நிகழ்ந்த 124 தாய்மார் மரணங்களை ஆராய்ந்து 2014-இல் குடிமைச் சமூக அமைப்புகள் வெளியிட்ட அறிக்கை, அரசுத் தணிக்கைகள் மருத்துவக் காரணத்தோடு நின்றுவிடுகின்றன, அந்தப் பெண் எப்படி நடத்தப்பட்டாள் என்பதைக் கேட்பதில்லை என்ற குறையை முன்வைத்தது. பிரசவ வலியில் ஒருமையில் அதட்டப்பட்ட பெண் அடுத்த முறை அபாய அறிகுறியைச் சொல்லத் தயங்குவாள். மரியாதைக்குறைவு அங்கே மருத்துவக் காரணமே ஆகிவிடுகிறது. 2004-இல் தமிழ்நாடு அரசு மருத்துவமனைப் பிரசவ அறைக்குள் உறவுப்பெண் ஒருவர் உடனிருக்க அனுமதித்ததை அதனால்தான் முக்கியமாகக் கருதுகிறேன். உரிமையையும் பாதுகாப்பையும் ஒரே ஆணையில் சேர்த்த அரிதான சந்தர்ப்பம் அது.

என் கவலை இந்த இரு தரப்பும் தொடாத இடத்தைப் பற்றியது. ஆட்சியர் கூட்டத்துக்கு வரும் கணவரும் தாயும் சாட்சிகளாக வருகிறார்கள். தங்களுக்குத் தெரிந்ததை அமைப்புக்குக் கொடுக்கிறார்கள். அவர்கள் வெளியேறிய பிறகே அமைப்பு தனக்குத் தெரிந்ததைப் பேசத் தொடங்குகிறது. இந்த மரணம் தவிர்க்கக்கூடியதாக இருந்தது என்று குழு முடிவுக்கு வந்தால், அதை அந்தக் குடும்பத்துக்குத் திருப்பிச் சொல்லும் கட்டம் இந்த நடைமுறையில் இல்லை. முழு விவரமும் தரத் தகுதியுள்ள ஒரே கூட்டம் அது. அதன் முடிவு போய்ச் சேராத ஒரே தரப்பு, இழந்தவர்கள்.

5. 17-பி என்னும் நிழல்

ஏன் சொல்வதில்லை என்று கேட்டால், மருத்துவர்கள் கல்நெஞ்சர்கள் என்ற பதில் எளிது, அது தவறும்கூட. அரசு மருத்துவர் அஞ்சும் மூன்று விஷயங்கள் உண்டு.

முதலாவது துறை நடவடிக்கை. தமிழ்நாடு குடிமைப் பணிகள் ஒழுங்கு விதிகளின் 17-பி குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்துவிட்டால், அது முடியும்வரை பதவி உயர்வு நின்றுபோகும். குற்றம் மெய்ப்பிக்கப்படாவிட்டாலும் ஆண்டுகள் போகும். 'மெமோ வாங்கினாலும் பரவாயில்லை, செவன்டீன்-பி மட்டும் வேண்டாம்' என்று மருத்துவர்கள் சொல்வது சும்மா அன்று. இரண்டாவது குற்றவியல் வழக்கு. கவனக்குறைவு மிகக் கடுமையானதாக இருந்தாலன்றி மருத்துவர் மீது வழக்குத் தொடரக் கூடாது, அதற்கு முன் சார்பற்ற மருத்துவக் கருத்துப் பெற வேண்டும் என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் வேலி கட்டியது. 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவித்தோருக்கு 5 ஆண்டுவரை சிறை என்று வைத்து, பதிவுபெற்ற மருத்துவருக்கு மட்டும் 2 ஆண்டு என்று குறைத்தது. செவிலியருக்கும் ஆய்வக நுட்பருக்கும் அந்தச் சலுகை இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சாத்தூரில் முதலில் மாட்டியவர்கள் யார் என்பதை நினைத்தால் இது சிறு விஷயமாகத் தோன்றாது.

மூன்றாவது அடி உதை. தமிழ்நாடு 2008-இலேயே மருத்துவமனை வன்முறைத் தடுப்புச் சட்டம் இயற்றியது. 2024 நவம்பரில் சென்னை கிண்டி கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனையில் புற்றுநோய் மருத்துவர் ஒருவர், தன் தாய்க்குச் சரியாகச் சிகிச்சை தரவில்லை என்று கருதிய இளைஞரால் கத்தியால் குத்தப்பட்டார். அந்தச் செயலுக்கு எந்த நியாயமும் இல்லை. காவலர்களும் சி.சி.டி.வி. கேமராக்களும் கூடுதலாக வந்தன. 'என் தாய்க்கு என்ன நடந்தது' என்று கேட்டுவரும் ஒருவரை உட்காரவைத்துப் பதில் சொல்லும் ஏற்பாடு பற்றிய பேச்சு அப்போது குறைவாகவே இருந்தது.

இந்த மூன்று அச்சமும் சேர்ந்து ஒரு தொழில் மொழியை உருவாக்கியிருக்கின்றன. 'சீரியஸாத்தான் கொண்டுவந்தீங்க', 'எங்களால முடிஞ்சத செஞ்சோம்', 'விதி'. பொய் என்று சொல்ல முடியாத, ஆனால் எதையும் தெரிவிக்காத வாக்கியங்கள்.

6. சொன்னால் என்ன ஆகும்: பிறநாட்டுச் சான்றுகள்

இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்டு மருத்துவமனையில் 2005 முதல் 2009 வரை நோயாளிகள் தண்ணீர்கூடக் கிடைக்காமல் தவித்தது, இறந்தோரின் குடும்பத்தார் விடாமல் போராடியதால் வெளியே வந்தது. ராபர்ட் பிரான்சிஸ் தலைமையிலான பொது விசாரணை 2013 பிப்ரவரியில் 290 பரிந்துரைகள் தந்தது. அதன் விளைவாக 2014 நவம்பரில் உண்மை உரைக்கும் சட்டக் கடமை தேசிய மருத்துவச் சேவையின் மருத்துவமனைகள் மேல் வந்தது. கடுமையான தீங்கு நேர்ந்தால் நோயாளிக்கோ குடும்பத்துக்கோ சொல்ல வேண்டும், வருத்தம் தெரிவிக்க வேண்டும், எழுத்தில் தர வேண்டும். கடமை நிறுவனத்தின் மேல். தனி மருத்துவர் மேலன்று. வருத்தம் தெரிவிப்பது பொறுப்பை ஒப்புக்கொண்டதாகாது என்பது அங்கே ஏற்கெனவே 2006-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது. 2020-இல் முதன்முறையாக ஒரு மருத்துவமனை அறக்கட்டளை இந்தக் கடமையை மீறியதற்காக நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டது. ஆனாலும் பத்தாண்டுக்குள், கடமை காகிதத்தில்தான் நிறைவேறுகிறதா என்று அரசே மறுஆய்வு தொடங்க வேண்டிவந்தது. கடிதம் அனுப்பியதைப் பதிவேட்டில் குறித்துவிட்டால் கடமை முடிந்தது என்ற போக்கு அங்கும் தலைகாட்டியது. நம் பதிவேடுகளை அறிந்தவருக்கு இது புதிதாக இராது.

நியூசிலாந்தின் பாதை இன்னும் ஆழமானது. ஆக்லாந்து தேசிய மகளிர் மருத்துவமனையில், கருப்பை வாயில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் கண்ட பெண்களில் பலருக்கு அவர்கள் அறியாமலே முழுச் சிகிச்சை தராமல் கவனித்துவந்ததை 1987-இல் சாண்ட்ரா கோனி, பிலிடா பங்கிள் என்ற இருவர் பத்திரிகைக் கட்டுரையில் வெளிக்கொணர்ந்தனர். அதன் தொடர்ச்சியாக நடந்த விசாரணை, நோயாளி உரிமைக்கென ஆணையரையும் 1996-இல் 10 உரிமைகள் கொண்ட சட்ட நெறியையும் தந்தது. அதற்கும் முன்பே, 1974 முதல், விபத்தால் வரும் உடற்பாதிப்புக்கு நீதிமன்றம் போகாமல் அரசு நிதியம் இழப்பீடு தரும் முறை அங்கே இருந்தது. 2005 முதல் சிகிச்சைப் பாதிப்புக்கு இழப்பீடு பெற யாருடைய தவறு என்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை. இழப்பீடும் பழியும் அங்கே பிரிக்கப்பட்டுவிட்டன. அங்கே உண்மை சொன்னால் மருத்துவர் இழப்பதற்கு அதிகமில்லை.

சொன்னால் வழக்குகள் குவியும் என்ற அச்சத்துக்கு எதிர்ச்சான்று அமெரிக்காவிலிருந்து வருகிறது. மிஷிகன் பல்கலைக்கழக மருத்துவமனை 2001 முதல் தவறுகளைத் தானே தெரிவித்து இழப்பீடு பேசும் முறைக்கு மாறியது. 2010-இல் வெளியான ஆய்வின்படி, ஒரு இலட்சம் நோயாளி வருகைகளுக்குப் புதிய இழப்பீட்டுக் கோரிக்கைகள் 7.03-இலிருந்து 4.52-ஆகக் குறைந்தன. தனக்குத்தானே காப்பீடு வைத்திருக்கும் பணக்கார நிறுவனம் அது. அதன் அனுபவத்தை மாவட்ட மருத்துவமனைக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனால் வழக்குகள் குவியும் என்பதற்கு நம்மிடமும் சான்று ஏதும் இல்லை. இருப்பது ஊகம்.

7. நம் சட்டத்திலேயே இருக்கும் இரு கதவுகள்

இதெல்லாம் வெள்ளைக்கார நாட்டுக்குச் சரி என்ற பதில் வரும். அப்படிச் சொல்பவர்கள் இரண்டு இந்திய ஏற்பாடுகளைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, 2019-ஆம் ஆண்டுப் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவப் பரிசோதனை விதிகள். புது மருந்துப் பரிசோதனையில் பங்கேற்பவருக்குக் கடுமையான தீங்கு நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் ஆய்வாளர் அறிவிக்க வேண்டும். இலவச சிகிச்சை உண்டு. தீங்கு பரிசோதனையால் நேர்ந்தது என்றால், கவனக்குறைவை மெய்ப்பிக்காமலே இழப்பீடு உண்டு. ஒரே மருத்துவமனையில், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில், பரிசோதனையில் சேர்ந்தவருக்கு இந்தக் காப்பு இருக்கிறது. வழக்கமான சிகிச்சை பெறுபவருக்கு இல்லை.

இன்னொன்று குடும்பநல அறுவை சிகிச்சை இழப்பீட்டுத் திட்டம். கருத்தடை அறுவைக்குப் பின் மருத்துவமனையிலோ வீடு திரும்பிய 7 நாளுக்குள்ளோ இறந்தால் குடும்பத்துக்கு 2 இலட்சம் ரூபாய் என்று வைத்து, சிகிச்சை பலிக்காமல் கருத்தரித்தால்கூட ஒரு தொகை தந்த திட்டம் அது. மருத்துவரைக் குற்றவாளியாக்காமல் இழப்பீடு தர முடியும் என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை. அதன் போதாமையையும் கூடவே சொல்ல வேண்டும். 2014 நவம்பர் 8-இல் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில், பயன்படாமல் கிடந்த தனியார் மருத்துவமனைக் கட்டடத்தில், ஒரே அறுவை மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குக் கருத்தடை செய்தார். அந்த முகாமிலும் அதையடுத்த முகாமிலும் சிகிச்சை பெற்றவர்களில் 13 பெண்கள் இறந்தனர். மாத்திரையில் கலந்த நச்சா, அறுவையில் புகுந்த தொற்றா என்ற சர்ச்சை நீண்டுகொண்டே போனது. இழப்பீடு வந்தது, விடை வரவில்லை. தேவிகா பிஸ்வாஸ் வழக்கில் 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் முகாம் முறையை 3 ஆண்டுக்குள் கைவிடச் சொன்னதோடு, இறப்புகளையும் விசாரணை நிலவரத்தையும் மாநிலத் தர உறுதிக் குழுக்கள் ஆண்டறிக்கையாக வெளியிட வேண்டும் என்றும் ஆணையிட்டது. பணத்தோடு விவரமும் தரப்பட வேண்டும் என்பதை நீதிமன்றம் உணர்ந்திருந்தது.

8. எங்கே தொடங்கலாம்

மருத்துவமனைகளும் மருந்தகங்களும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-இல் வந்து, அதற்கான விதிகள் 2018-இல்தான் வந்தன என்பதை நினைத்தால் பெரிய சட்டத்தை எதிர்பார்த்துக் காத்திருக்கும் பொறுமை யாருக்கும் இராது. ராஜஸ்தான் 2023-இல் சுகாதார உரிமைச் சட்டம் இயற்றியபோது தனியார் மருத்துவர்கள் தெருவுக்கு வந்ததையும் பார்த்தோம்.

ஆகவே ஏற்கெனவே நடக்கும் ஒன்றிலிருந்து தொடங்குவதே நடைமுறைக்கு ஏற்றது. ஆட்சியர் தலைமையிலான தாய்மார் மரணத் தணிக்கைக் கூட்டத்தின் முடிவில், அனுப்பிவைத்த உறவினரை மறுபடி அழைக்கலாம். உடனே முடியாவிட்டால் சில வாரம் கழித்து அவர்கள் வீட்டுக்கே போகலாம். என்ன நடந்தது, எது தவிர்த்திருக்கக் கூடியது என்று குழு கருதுகிறது, அதற்காக என்ன மாற்றப்படுகிறது என்ற மூன்றையும் எளிய தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்து, உட்கார்ந்து விளக்கலாம். இதற்கு அரசாணை போதும். அந்தத் தாளைக் குற்றவியல் வழக்கில் மருத்துவருக்கு எதிரான சான்றாக்கக் கூடாது என்றால் மட்டும் சட்டம் வேண்டும். அரசாணையால் சாட்சியச் சட்டத்தை மீற முடியாது.

எதிர்வாதம் ஒன்று வலுவானது. இப்போது ஓரளவுக்காவது வெளிப்படையாகப் பேசும் மருத்துவர், குடும்பத்துக்கு விவரம் போகும் என்று தெரிந்தால் கூட்டத்திலேயே வாயடைத்துப் போவார். இருக்கும் கற்றலும் கெட்டுவிடும் என்பது அது. இந்த அபாயம் உண்மையானது. யார் என்ன பேசினார் என்பது குடும்பத்துக்குப் போக வேண்டியதில்லை. குழுவின் முடிவு போனால் போதும். அதுபோல இந்த முடிவை அடிப்படையாக வைத்து 17-பி போடக் கூடாது என்பதும் அதே ஆணையில் இருக்க வேண்டும். ஒழுங்கு நடவடிக்கை வேண்டுமென்றே செய்த தவறுகளுக்கானது. அதற்குத் தனி விசாரணை வழி ஏற்கெனவே இருக்கிறது.

தாளில் யார் கையெழுத்திடுவது என்பதில்தான் இழுபறி வரும். வழக்கப்படி அது அன்றிரவு பணியில் இருந்த டியூட்டி டாக்டரின் தலையில் விழும். மருத்துவமனைக் கண்காணிப்பாளரோ டீனோ கையெழுத்திட வேண்டும். பணியிடம் நிரப்பப்படாததும் இரத்தம் இருப்பில் இல்லாததும் காரணம் என்று குழு கண்டிருந்தால் இயக்குநரகத்தின் கையெழுத்தும் வேண்டும். மூன்று பேர் பார்க்க வேண்டிய பிரசவ வார்டை ஒருவரிடம் விட்டது அந்த ஒருவர் எடுத்த முடிவன்று.